காப்பிக் கடையின் உள்ளறை

என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அவர் வருவாய்த் துறையில் எழுத்தராக வேலை பார்த்தவர். ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்த பிறகு, கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. எட்டயபுரத்தில் போட்டார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

அண்ணனுக்கு வீட்டை ஒட்டியே சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அண்ணன் நல்லவர். என்னையும் பிள்ளையையும் முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டார். மதினியும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. ஆனாலும் இருக்க இடம் கொடுத்த வீட்டில் சும்மா இருக்க மனசு வராதில்லையா. காலைக் காப்பியை நானாக எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருக்கிறவர்கள், சீக்கிரம் வேலைக்கு வந்துவிட்ட பெண்கள் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடியில் மிஞ்சினதை அடுப்படியில் நின்றபடியே குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அது சூடாக இருந்த நாள் குறைவு.

எட்டயபுரம் ஆபீஸில் எல்லோரும் ஆண்கள். காலையில் ஒருமுறை, மத்தியானத்துக்கு மேல் ஒருமுறை கூட்டமாக எழுந்து காப்பி குடிக்கப் போவார்கள். போகும்போது, "உங்களுக்கு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அவர்களும் மரியாதைக்குக் கேட்டார்கள், நானும் மரியாதைக்கு மறுத்தேன். கடைக்குப் போய் ஒரு பெண் உட்கார்ந்து காப்பி குடிப்பது என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குடும்பத்தோடு வந்தால் ஹோட்டலில் உட்காரலாம். தனியாக, அதிலும் நெற்றியில் பொட்டில்லாமல் இருக்கிறவள், பெஞ்சில் போய் உட்கார முடியுமா?

ஆபீஸிலிருந்து பஸ் ஏறப் போகிற வழியில், பழைய அரண்மனைச் சுவரைப் பார்த்தாற்போல ஒரு காப்பிக் கடை இருந்தது. ஓடு போட்ட வீடு. முன்னறையில் பாய்லரும் இரண்டு பெஞ்சும். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கவிஞர் பிறந்த வீட்டையும் அரண்மனையையும் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள்கூட, காப்பிப் பொடி வறுபடுகிற வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊர்த் தண்ணீர் உப்பு. அதில் காப்பி போட்டால் பால் திரிந்ததுபோல ஒரு ருசி வரும். கடைக்கார அண்ணாச்சி காலையிலேயே சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவருவார். பால் அவர்கள் வீட்டுப் பசுவுடையது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அது தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்து போக வேண்டிய ஓர் இடம், அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம், ஆபீஸை விட்டு இறங்கிப் பாதி தூரம் வந்திருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே. வராமல் வராமல் இருந்து, வரும்போது மொத்தமாக வந்து கொட்டும். ஓடிப்போய் அந்தக் கடையின் தகரச் சரிவுக்குக் கீழே நின்றேன். அங்கே ஏற்கனவே ஆட்கள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஓரமாக, பாதி நனைந்தும் நனையாமலும், டிபன் வாளிப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். கரிசல் மண் செருப்பில் அப்பிக் கால் கனத்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அங்கன என்னத்துக்கு நனைஞ்சுக்கிட்டு நிக்குதீங்க? உள்ள வாங்க."

யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் குரல் வந்தது. "உங்களத்தான் தாயி. பை வச்சிருக்கீங்களே, உங்களத்தான்."

அண்ணாச்சியின் மனைவி. நாற்பது வயது இருக்கும். மாநிறம், ஒல்லியான உடம்பு, இடுப்பில் சொருகிய ஈரத் துண்டு. நான் தயங்கினதைப் பார்த்து அவர்களே வாசலுக்கு வந்து என் முழங்கையைப் பிடித்தார்கள். பெஞ்சில் இருந்த ஆட்களைத் தாண்டி உள்ளறைக்குக் கூட்டிப் போனார்கள். சின்ன அறை. ஜன்னல் ஓரமாக ஒரு மரமேஜை, இரண்டு நாற்காலி. மேஜையில் காப்பிப் பொடி பொட்டலம் மடிக்கிற காகிதங்கள் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, "உக்காருங்க. சேலைத் தலைப்பப் பிழிஞ்சுக்கிடுங்க. காப்பி கொண்டாரேன்" என்றார்கள். போனவர்கள் நிலையில் திரும்பி நின்று கேட்டார்கள்.

"சீனி எப்படி? தூக்கலாவா, அரைச் சீனியா?"

எப்படி வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நான் எல்லோருக்கும் கேட்டு ஊற்றுகிறவள். எனக்கு எப்படிப் பிடிக்கும் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அரைச் சீனிக்கா. டிகாஷன் கொஞ்சம் தூக்கலா."

பித்தளை டபராவில் வந்தது. மேலே நுரை, கையில் பிடிக்க முடியாத சூடு. வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக ஆற்றி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அழுகை வந்தது. காப்பிக்காகவா அழுகிறோம் என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது. அக்கா வந்து பார்த்தார்கள். டபராவை எடுத்துக்கொண்டு, "மழை விட்டாச்சு. ஆனா பஸ் இன்னைக்கு சுணங்கித்தான் வரும். மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் அந்தக் கடையைத் தாண்டும்போது தலையைக் குனியவில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, ஏதோ தினமும் நடக்கிற காரியம்போல, "உள்ள போங்கம்மா, அவ இருக்கா" என்றார். போனேன். அதன் பிறகு வேலை நாள் எல்லாம் சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் அந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பது என்று ஆகிவிட்டது. சில நாள் உளுந்த வடை, சில நாள் சுசியம். பல நாள் வெறும் காப்பிதான். ஜன்னல் வழியாக அரண்மனைச் சுவரும், அதன் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றும் தெரியும். பேசினால் பேசுவோம். இல்லாவிட்டால் அக்கா பொட்டலம் மடிப்பார்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாளின் இருபத்து நான்கு மணி நேரத்தில், யாருடைய தங்கச்சியாகவும் அம்மாவாகவும் இல்லாமல் நான் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். வீட்டுக்குப் போகும்போது மகளிடம் சிரித்த முகத்தோடு போனேன் என்றால், அந்தக் கொஞ்ச நேரத்தால்தான்.

என்னைப் பார்த்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து, பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் கைப்பிள்ளையோடு வந்து உட்கார்ந்து பால் வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி மேற்கொண்டு ஒரு பெஞ்சு வாங்கி உள்ளே போட்டார். 'பெண்கள்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டலாமா என்று கேட்டதற்கு அக்கா, "போர்டு போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வாரவுகளுக்கு வழி தெரியும்" என்றார்கள். போர்டு வரவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் போலப் போயிற்று. அப்புறம் அந்தப் பசு கன்று போட்ட நாள் வந்தது.

நான் கடைக்குள் நுழைந்தபோது பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. பாய்லர் தன் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. பின்வாசல் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தொழுவத்தில் பசு படுத்துக் கிடக்கிறது. கண் மேலே சொருகியிருந்தது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால், சட்டையைக் கழற்றிவிட்டு, கை முழுக்க சோப்பும் எண்ணெயுமாக ஒருவர் மண்டியிட்டிருந்தார்.

அவரை எனக்கு அடையாளம் தெரியும். கால்நடை ஆய்வாளர். பழைய மொபெட்டில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுற்றுவட்டத்து ஊர்களுக்குப் போகிறவர். சாயங்காலம் கடையில் காப்பி குடிப்பார், எப்போதும் வெளியே நின்றுகொண்டு. நாற்பதுக்குக் கொஞ்சம் உள்ளே வயது இருக்கும். நாங்கள் ஒரு வார்த்தை பேசினதில்லை. டாக்டர் வெளியூர் முகாமுக்குப் போயிருந்ததால் இவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒரு கால் முன்ன வந்திருக்கு. இன்னொன்னு உள்ள மடங்கிக் கிடக்கு" என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியோ பாவம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரத்தம் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். ஆய்வாளர் திரும்பி என்னைப் பார்த்தார். யார் என்ன என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"நீங்க கொஞ்சம் இந்தக் கயிறப் பிடிங்க. நான் சொல்லும்போது இழுக்கணும். சொல்லாம இழுத்துராதீங்க."

பையைத் தரையில் போட்டுவிட்டுப் பிடித்தேன். அவர் கையை உள்ளே விட்டு, கன்றைப் பின்னுக்குத் தள்ளி, மடங்கின காலைத் தேடினார். பசு முக்கும்போதெல்லாம் அவர் கை நசுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டார். எனக்கு என் பிரசவம் ஞாபகம் வந்தது. அந்தப் பசுவோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. "கிடைச்சிட்டு" என்றார். மெதுவாகக் காலை நிமிர்த்திக் கயிற்றின் மறுமுனையை அதில் மாட்டினார். "இப்ப. இழுங்க. அது முக்கும்போது இழுங்க, விடும்போது விடுங்க."

இழுத்தேன். அண்ணாச்சியும் கண்ணை மூடிக்கொண்டு வந்து என் பின்னால் கயிற்றைப் பிடித்தார். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது. மூச்சில்லை. அவர் அதன் மூக்கைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி உலுக்கி, ஒரு வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டார். தும்மியது. கிடேரிக் கன்று. அக்கா அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தவர்கள், பசுவின் காதில் குனிந்து, "பொம்பளப் பிள்ள" என்று சொன்னார்கள்.

என் பஸ் போய்விட்டது. கை, சேலை எல்லாம் பாழ். அக்கா தன் சேலை ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். அண்ணாச்சி நான்கு காப்பி போட்டுக்கொண்டு வந்தார். முதல்முறையாக ஆய்வாளரும் உள்ளறைக்கு வந்து உட்கார்ந்தார். டபராவை எடுத்தவர் கை நடுங்கி, பாதி மேஜையில் சிந்தியது.

"இதை யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றார் என்னைப் பார்த்து. "பெறகு ஒருத்தனும் மாடு கொண்டாந்து காட்ட மாட்டான்."

சிரித்தேன். ஓர் ஆண் சொன்னதற்கு வாய்விட்டு நான் சிரித்தது அன்றைக்குத்தான், என் கணவர் இறந்த பிறகு.

அதன் பிறகு பார்த்தால் தலையசைப்போம். கன்று எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார், தொழுவம் கடைக்காரர்களுடையது என்றாலும் என்னிடம்தான் கேட்பார். அவ்வளவுதான் பேச்சு. கன்றுக்குக் கொம்பு முளைக்கிற பருவம் வந்தபோது, ஒருநாள் அக்கா பொட்டலம் மடித்துக்கொண்டே விஷயத்தை எடுத்தார்கள்.

"அந்த மனுசன் உங்களப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாவ. தப்பா இல்ல. கட்டிக்கிடச் சம்மதிப்பீங்களான்னு. நேரா உங்ககிட்ட கேக்க அவியளுக்குத் தைரியம் இல்ல."

அவர் மனைவி கல்யாணமான சில வருஷத்திலேயே சிறுநீரகக் கோளாறில் இறந்துவிட்டார். குழந்தை இல்லை. பெற்றவர்களும் இல்லை. இதையெல்லாம் அக்கா சொன்னார்கள். நான் முடியாது என்றேன். என் பிள்ளை, என் வேலை, என் அண்ணன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா மறுத்துப் பேசவில்லை.

"சரி. வேண்டாம்னா வேண்டாம். ஆனா அதை அவியகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்ன மாதிரி மனுசன்னு ஒருதடவை பேசிப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

"எங்கக்கா பேச?"

யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அப்போது ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பேச எந்த இடம் இருந்தது? கோயிலில் பார்த்தால் கதை கட்டுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார முடியாது. பெண் பார்க்க வருவது என்றால் தட்டு, பழம், பூ, நாலு பெரியவர்கள், தலைகுனிந்து ஒரு நமஸ்காரம். அதில் எதையும் பேச முடியாது. அதிலும் இரண்டாம் தாரம் என்றால் பெரியவர்களே பேசி முடித்துவிடுவார்கள்.

"இங்கனதான். இந்த மேஜையில. சாயங்காலம், கடையில ஆளு இருக்கும்போதே. கதவு திறந்து கிடக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து உளுந்து பொறுக்குதேன்."

அப்படித்தான் நடந்தது. கன்று பிறந்த நாளுக்குப் பிறகு மறுபடியும் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அக்கா நிலைக்குப் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே யாரோ மிளகாய் வத்தல் விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எங்கே ஆரம்பிக்க என்று தெரியவில்லை.

நான்தான் பேசினேன். வேலையை விட மாட்டேன் என்றேன். "விடக் கூடாது" என்றார். என் கணவர் படத்துக்கு அமாவாசைக்கு விளக்கு வைப்பேன், அதை நிறுத்த மாட்டேன் என்றேன். "நானும் என் வீட்டுல வைக்கேன். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிக்கிடலாம்" என்றார். அவர் தன் பங்குக்குச் சொன்னார்: "சாம்பார் சுமாரா வைப்பேன். ரசம் எனக்கு வராது. எந்நேரமும் மேல மாட்டு வாடை இருக்கும். ஊர் ஊராப் போறதால வீடு வர நேரம் ஆகும்."

பிறகு காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"உங்க மக என்ன சொல்லுதா?"

அவளிடம் நான் சொல்லவே இல்லை என்றேன்.

"அவ சரின்னு சொல்லாம நாம என்னத்தப் பேச? ஒருநாள் கூட்டிட்டு வாங்க. அவளுக்கு என்னைப் பிடிக்கலைன்னா இதோட விட்டுருவோம். உங்களுக்கும் சங்கடம் இல்ல."

முடியாது என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். அதைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா அவளுக்குக் கருப்பட்டிக் காப்பியும் முறுக்கும் கொடுத்தார்கள். அவர் வந்து எதிரே உட்கார்ந்ததும் அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவர் அவளைக் கொஞ்சவில்லை, எந்த வகுப்பு என்று கேட்கவில்லை. அவளாகப் பேசட்டும் என்று காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நாய்க்கு ஊசி போடுவீங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

"போடுவேன்."

"கடிக்காதா?"

"கடிச்சிருக்கு." முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். "அது மேல தப்பு இல்ல. நான் பயந்தேன், அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள். விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள். அப்புறம் இரண்டு பேரும் தொழுவத்துக்குக் கன்றைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவும் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து மகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை நாள் கழித்து அவள் அவ்வளவு பேசினாள்.

பஸ்ஸில் வரும்போது என் மடியில் சாய்ந்துகொண்டு, "அந்த மாமா நம்ம வீட்டுக்கு வருவாங்களா, நாம அவங்க வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டாள். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிகிறது.

எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது, செய்தி போகாமல் இருக்க. அடுத்த வாரமே தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி கொண்டுவருகிற வண்டிக்காரர் யாரோ சொல்லி, அண்ணன் காதுக்குப் போய்விட்டது. வீட்டில் அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, வெளியே அண்ணனுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"கடைக்காரர் யாரு?"

"நாந்தான். வாங்க அண்ணாச்சி, உக்காருங்க."

"உக்கார வரல. எந்தங்கச்சிய இங்கன வச்சு ஒரு ஆம்பளையோட பேச விட்டிருக்கீரு. இதுதான் நீரு கடை நடத்துத லெச்சணமா?"

நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி சத்தம் கூட்டவில்லை. பாய்லரை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பேச விட்டேன். மறைக்கல. பட்டப்பகல்ல, நாலு பேரு காப்பி குடிக்குத இடத்துல, எம் பொஞ்சாதி பக்கத்துல உக்காந்திருக்க, ரெண்டு பேரும் மேஜைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் உக்காந்து பேசினாவ. ஒருநாள் பிள்ளையும் கூட இருந்துச்சு. கட்டிக்கிடலாமா வேண்டாமான்னு பேசினாவ. வேற எங்கன போயிப் பேசச் சொல்லுதீங்க? நீங்களே ஒரு இடம் சொல்லுங்க."

அக்கா உள்ளே இருந்து வந்து, "அவிய உள்ளதான் இருக்காவ. தங்கச்சிகிட்டயே கேளுங்க" என்று வழிவிட்டு நின்றார்கள்.

அண்ணன் வந்து என் எதிரே உட்கார்ந்தார். முகம் சிவந்து போயிருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. எழப்போனேன், கையமர்த்தினார்.

"ஏட்டி, நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கலண்ணே."

"பெறகு?"

"குறை இருந்தாத்தான் வேணும்னு கேக்கணுமா?"

நான் அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"உனக்கு இது வேணுமா?"

"வேணும்ணே."

காப்பியை எடுத்துக் குடித்தார். முழுசாகக் குடித்தார். பிறகு அவர் யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டார். எங்கள் ஆட்கள்தான் என்றேன். அது வேறாக இருந்திருந்தால் அண்ணன் அந்த நாற்காலியில் அப்படி உட்கார்ந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இதை மறைத்துவிட்டு எங்கள் குடும்பத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எழுந்து வெளியே போனவர், அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். "கோவத்துல பேசிட்டேன்" என்றார். அண்ணாச்சி, "தங்கச்சிக்காகப் பேசினீங்க. அதுல என்ன இருக்கு" என்றார். ஸ்கூட்டரை மிதிக்கும்போது என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை அவரை வீட்டுக்கு வரச் சொல்லு. உன் மதினிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். வா, ஏறு. பஸ்ல எதுக்கு" என்றார். வழி முழுக்க இரண்டு பக்கமும் பருத்தி பூத்து நின்றது. கோவில்பட்டி வரைக்கும் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குள் நுழையும்போது மட்டும், "காப்பி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

தை மாதம் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். ஆடம்பரம் வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேருமே சொல்லிவிட்டோம். மதினி எனக்குப் பொட்டு வைத்துவிட்டாள். என் தாடையைப் பிடித்து நேராக வைத்தாள். பதிவு முடிந்து எல்லோரும் அந்தக் கடைக்குத்தான் போனோம். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி. அண்ணன் கடம்பூரிலிருந்து கூடை நிறையப் போளி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் வந்து முன்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மகள் புதுப்பாவாடையோடு தொழுவத்திலேயே கிடந்தாள்.

எட்டயபுரத்திலேயே வீடு பார்த்துக் குடியேறினோம். அவர் சொன்னதெல்லாம் உண்மை. ரசம் அவருக்கு இன்றுவரை வரவில்லை. மாட்டு வாடையும் போகவில்லை. வீட்டில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன, அமாவாசைக்கு அவர்தான் ஞாபகப்படுத்துவார். மகள் அவரை முதலில் மாமா என்றாள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம், யாரும் சொல்லாமல், அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து எனக்குத் தூத்துக்குடிக்கு மாறுதல் வந்தது. அவரும் அந்தப் பக்கமே கேட்டு வாங்கிக்கொண்டார். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி, சைக்கிள் மிதிப்பதை விட்டுவிட்டு வண்டித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளறையில் பள்ளிக்கூடம் விட்ட பெண்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு மழையில் நீங்கள் கூப்பிடவில்லை என்றால் என்று தொடங்கினேன்.

அக்கா என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப் போனார்கள்.

"நீங்க ஒன்னு தெரிஞ்சுக்கிடணும்" என்றார்கள். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்தக் கடையில காப்பி போடுதேன். ஊருக்கெல்லாம் போட்டேன். உக்காந்து நான் குடிச்சதில்ல. அடுப்புப் பக்கத்துல நின்னே ஊத்திக்கிட்டுப் போயிருவேன். நீங்க வந்து உக்கார ஆரம்பிச்ச பெறகுதான், எதிர்த்தாப்புல நானும் உக்காந்தேன். நீங்க வராத ஞாயித்துக்கிழமையில பழக்கம் விடாம அந்நேரத்துக்கு நான் மட்டும் உக்காந்து ஒரு காப்பி குடிப்பேன். எங்க வீட்டு மனுசன்கூடச் சிரிப்பாவ. இப்பவும் குடிக்கேன்."

நின்றுகொண்டே குடிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் நினைத்தேன். அவர்களைக் கட்டிக்கொண்டேன். அக்கா மேல் பாலும் விறகுப் புகையும் கலந்து ஒரு வாசனை.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். முன்னறையில் என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, புதிதாக வந்த மாட்டுத் தீவனத்தைப் பற்றி அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. அக்கா என் கையில் ஒரு பொட்டலம் காப்பிப் பொடியைத் திணித்தார்கள்.

"கடல் பக்கத்துத் தண்ணிக்கு இது எப்படி வரும்னு தெரியல. போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"வாரேன்க்கா" என்றேன்.